ஆலாக் குஞ்சுகளுக்கு முப்பத்தொன்று

டண்டினொங் என்ற புறநகரில் ஓர் உணவுக் களஞ்சியத்தில் பெட்டிகளின் காலாவதித் திகதியைப் பார்ப்பது என் வேலை. ஒரே இடத்தில் நெடுங்காலம் உழைத்தவர்களுக்கு இந்த நாட்டில் ஒரு நீண்ட விடுமுறை உண்டு. அது கைக்கு வரும்போது மற்றவர்கள் பாலிக்குப் போவார்கள், பாரிசுக்குப் போவார்கள். நான் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆலாப் பறவைகளை எண்ணப் போனேன்.

அந்தக் கோடையில் வடக்கே நல்ல மழை. குயின்ஸ்லாந்தின் வடமேற்கில் வருடக் கணக்காகக் காய்ந்து கிடந்த ஏரிகள் நிரம்பின என்று செய்தியில் சொன்னார்கள். அந்த ஏரிகளைப் பற்றி நூலகத்தில் கிடைத்த அத்தனை புத்தகங்களையும் நான் முன்பே வாசித்திருந்தேன். தண்ணீர் வந்ததும் பறவைகள் எங்கிருந்தோ வந்து இறங்கும், அவசர அவசரமாக முட்டையிடும், தண்ணீர் வற்றுமுன் குஞ்சுகளோடு பறந்துவிடும். ஒரு வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பு அந்தக் கூடுகளைப் பார்த்து எழுதத் தொண்டர்களைத் தேடியது. ‘எந்த நாளில் என்ன நடந்தது என்று ஒழுங்காகக் குறித்துவைக்கக் கூடியவர்கள்’ என்று விளம்பரத்தில் இருந்தது.

மனைவி அதை வாசித்துவிட்டு, “உங்களுக்கெண்டே போட்டிருக்கிறாங்கள். பேர் மட்டும்தான் எழுதேல்லை” என்றாள்.

தானும் வருவதற்கு அவள் இரண்டு நிபந்தனைகள் வைத்தாள். போகிற இடத்தில் சமைக்க ஒழுங்கான குசினி இருக்கவேண்டும். படுக்கை விரிப்புகளை வீட்டிலிருந்து கொண்டுபோகவேண்டும். முன்பின் தெரியாத ஆட்களின் விரிப்பில் அவள் படுக்கமாட்டாள். விரிப்புகள் பின் இருக்கையில் ஒரு பயணிக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்ள, ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை காலை எங்கள் கிரான்பர்ன் வீட்டிலிருந்து புறப்பட்டோம். நான்காம் நாள் பிற்பகலில் அந்த மாட்டுப் பண்ணையின் வாசலைக் கண்டோம். வாசலிலிருந்து வீட்டுக்குப் போக மேலும் முக்கால் மணி நேரம் பிடித்தது.

பண்ணைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். தொப்பியைக் கழற்றினால்தான் அவருக்கு நெற்றி என்று ஒன்று இருப்பது தெரியும். அது மட்டும் வெள்ளையாக இருந்தது. வறட்சியில் தன் பசுக்களையெல்லாம் தெற்கே வேறொருவரின் புல்வெளிக்கு அனுப்பி மூன்று வருடம் ஆகியிருந்தது. இப்போது புல் இடுப்பளவு வளர்ந்து நின்றது. அதைத் தின்ன அவரிடம் ஒரு வாய்கூட இல்லை.

“மாடு இல்லாத பண்ணையில் இருக்கிறவன் பண்ணைக்காரன் இல்லை, மேட். வீட்டைக் காக்கிறவன்” என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். பசுக்கள் சினையாக இருந்தன. கன்று போடுமுன் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இந்த முறையும் முடியாவிட்டால் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் பட்டணம் போய்விடுவதாக முடிவெடுத்திருந்தார். சொன்னபோது குரலில் வருத்தம் இல்லை, அதனால் நம்பவேண்டியிருந்தது.

இடையில் நின்றவை ஆலாக்கள். வெள்ளத்துக்குப் பிறகு வேலி நேராக நின்றதும், குடிக்கத் தண்ணீர் இருந்ததும் ஏரியைச் சுற்றிய காணியில் மட்டும்தான். ஏரியின் மேற்குக் கரையோரம் ஒரு மண்திட்டு. அதில் நூற்றுக்கணக்கான ஆலாக்கள் வெறும் தரையில் முட்டையிட்டிருந்தன. கறுத்த தொப்பியும் தடித்த கறுத்த அலகும் கொண்டவை. இவை மீனைவிட வெட்டுக்கிளியைத்தான் அதிகம் பிடித்தன. தண்ணீர் வற்ற வற்றத் திட்டு கரையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மாடு இறங்கினால் மிதித்துக்கொண்டே போய்விடும். அதனால் அமைப்புக்கும் பண்ணைக்காரருக்கும் ஓர் உடன்படிக்கை. கடைசி முட்டை பொரித்து முப்பத்தொரு நாள் முடியும்வரை ஏரிக்காணியில் மாடு விடுவதில்லை. மீறினால் அடுத்த மழைக்கு அந்தக் காணி முழுவதையும் அடைத்துவிடுவார்கள்.

அமைப்பின் சார்பில் வந்தவள் முப்பது வயதுப் பெண், நாகர்கோவில்காரி, பறவைகளைப் படித்து முனைவர் பட்டம் பெற்றவள். மூன்று ஏரிகள் அவள் பொறுப்பில் இருந்தன. எங்களைக் கண்டதும் “அங்கிள், ஆன்ட்டி” என்று ஒட்டிக்கொண்டாள். நான் குறிப்பு எழுதும் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை? நான் மத்த ரெண்டு ஏரியையும் பாத்துட்டு வர்றேன். கடைசிக் கூடு பொரிச்சதும் முப்பத்தொரு நாள் எண்ணி அவர்கிட்ட சொல்லிடுங்க” என்று சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். என் வாழ்நாளில் யாரும் என்னை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டதில்லை என்று அன்று நினைத்தேன்.

தினமும் காலையில் ஏரியைப் பார்த்த ஒரு மேட்டில் தொலைநோக்கியோடு நான்கு மணி நேரம் இருந்தேன். மனைவி மடிப்புக் கதிரையில் பக்கத்தில் இருந்து பூண்டு உரித்தாள். மழைக்குப் பெருகிய எலிகள் எங்கள் பிஸ்கட் முழுவதையும் தின்று தீர்த்துவிட்டு, பிறகு எங்களைப் பார்த்து ஏமாற்றத்தோடு நின்றன. கடைசிக் கூடு ஒரு செவ்வாய்க்கிழமை பொரித்தது. மணலில் விழுந்த பஞ்சுத் துணுக்குப் போல ஒரு குஞ்சு. நேரத்தையும் குறித்தேன், பத்து இருபது. வீட்டுக்கு வந்து, பண்ணைக்காரரின் குசினிச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் முப்பத்தோராம் நாளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன். வியாழக்கிழமை.

“உறுதியா, மேட்?” என்றார்.

“திகதி பார்ப்பதுதான் என் தொழில்” என்றேன்.

அவர் அன்றே தெற்கே தொலைபேசியில் பேசி லொறிகளுக்குச் சொல்லிவைத்தார். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு காலையும் தேநீர்க் கோப்பையோடு அந்த வட்டத்தின் முன்னால் சிறிது நேரம் நின்றார்.

நாகர்கோவில்காரி திரும்பி வந்தது வட்டத்துக்கு முந்தின நாள், புதன்கிழமை மாலை. தலைமுடியில் செம்மண். குசினிக்குள் நுழைந்து தண்ணீர் குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தாள்.

“என்ன அங்கிள், வியாழக்கிழமையில வட்டம் போட்டிருக்கீங்க?”

“அண்டைக்குத்தானே முப்பத்தொண்டு.”

“வெள்ளிக்கிழமை.”

“வியாழன், பிள்ளை. செவ்வாய் பொரிச்சது. செவ்வாய் ஒண்டு, புதன் ரெண்டு, வியாழன் மூண்டு...” நான் விரல் மடித்தேன்.

“செவ்வாய் எப்படி ஒண்ணாகும்? அன்னைக்குத்தான் முட்டையை விட்டு வெளிய வருது. புதன் காலைலதான் ஒரு நாள் ஆகுது. முப்பத்தொரு நாள் முடியணும்னா வெள்ளி.”

“பிறந்த நாளை எண்ணாமல் விடுறதோ?”

அடுப்படியில் நின்ற மனைவி திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. “இவர் துடக்குக் கழிக்கிற கணக்கிலை எண்ணியிருக்கிறார், பிள்ளை” என்றாள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் குழந்தை பிறந்தால், பிறந்த நாளையும் சேர்த்து எண்ணி முப்பத்தோராம் நாள் வீட்டைக் கழுவி, தீட்டுப் போக, துடக்குக் கழிப்பார்கள். ஆள் செத்தாலும் அதே முப்பத்தொன்று, செத்த நாளும் சேர்த்தி. என் பிள்ளைகளுக்கும் என் பெற்றோருக்கும் நான் அப்படித்தான் எண்ணினேன். முப்பத்தொன்று என்ற எண்ணை அந்த உடன்படிக்கையில் கண்டவுடன் கை தன்பாட்டில் பழைய வழியில் போயிருக்கிறது. களஞ்சியத்தில் ஒரு நாளும் இப்படிப் பிழைத்ததில்லை. ஆனால் அங்கே எதுவும் பிறப்பதில்லை.

“ஐயரையும் கூப்பிட்டிருக்கலாம்” என்றாள் மனைவி. “ஒவ்வொரு குஞ்சுக்கும் மஞ்சள் தண்ணி தெளிச்சு விட்டிருப்பார்.”

மேசையில் இருந்த பண்ணைக்காரருக்குத் தமிழ் விளங்கவில்லை. எங்கள் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “யாராவது செத்துப்போய்விட்டார்களா?” என்று கேட்டார்.

நான்தான் சொன்னேன். ஒரு நாள் பிந்தித்தான் ஏரிக்காணியின் வாசலைத் திறக்கலாம், பிழை என்னுடையது என்றேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். லொறிகள் நேற்றே புறப்பட்டுவிட்டன என்று மட்டும் சொன்னார். நாளை நடுப்பகலில் வந்துவிடும். சாரதிகள் மாடுகளை இறக்கியவுடன் வேறு பண்ணைக்குப் போகவேண்டும், காத்திருக்கமாட்டார்கள். இறக்காமல் திருப்பி அனுப்பினால் சினைப்பசுக்கள் இன்னும் இரண்டு நாள் லொறியில் நிற்கவேண்டும். அதில் எத்தனை பிழைக்கும் என்று அவர் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு அடைத்துவைக்க, வீட்டுப் பக்கத்தில் பழைய மாட்டுப் பட்டி ஒன்று இருந்தது. அதன் மூன்று பக்கம்தான் நின்றது. நாலாம் பக்கத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

“ஒரு நாள்தானே, கண்டுக்காம விட்டுடலாம்னு என்னால சொல்ல முடியாது அங்கிள்” என்றாள் நாகர்கோவில்காரி மெல்ல. அவள் கண் ஏரிப் பக்கம் இருந்தது. “பாதிக் குஞ்சு இன்னும் தரையிலதான் ஓடுது.”

“சொல்லவேண்டாம்” என்றேன்.

பண்ணைக்காரர் எழுந்து கொட்டகைக்குப் போனார். திரும்பி வந்தபோது தோளில் ஒரு சுருள் சாக்குத் துணி. முன்பு காட்டு மாடுகளை மறிக்க இரண்டு பக்கமும் சாக்கைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். மறுபக்கம் தெரியாவிட்டால் மாட்டுக்குத் துணியும் சுவரும் ஒன்றுதான். விரித்துப் பார்த்தோம். எலிகள் எங்கள் பிஸ்கட்டுக்கு முன்பே சாக்கில் கைவைத்திருந்தன. நாலாம் பக்கத்தின் பாதியை மறைக்கத்தான் காணும். இரண்டு தார்ப்பாயும், வழியில் தங்க நாங்கள் கொண்டுவந்த கூடாரத்தின் அடிவிரிப்பும் சேர்ந்து இன்னொரு பகுதியை மூடின. அதற்குப் பிறகும் ஓர் இடைவெளி.

எல்லோரும் மனைவியைப் பார்த்தோம்.

“என்னத்துக்கு என்னைப் பாக்கிறியள்?” என்றாள். பிறகு விளங்கியது. “ஐயோ, புது விரிப்பப்பா!”

மறுநாள் காலை கம்பிகளை இழுத்து எல்லாவற்றையும் கட்டினோம். கடைசி இடைவெளியில் நீல நிறத்தில் பெரிய மஞ்சள் பூக்கள் போட்ட இரட்டைக் கட்டில் விரிப்பு. அதற்குக் காவலாக என்னை நிறுத்தினார்கள். பிழை விட்டவன் என்பதால் நானே கேட்டுக்கொண்டது. லொறிகள் சொன்ன நேரத்துக்கு வந்தன. பலகை இறக்கியதும் முதல் பசு வெளியே வந்து, நிலத்தை மோந்து, மூச்சை நீளமாக விட்டது. பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அவர் பார்ப்பதை நாங்கள் பார்க்கக்கூடாது என்று தோன்றியது.

பட்டிக்குள் தொட்டிகளில் தண்ணீர் வைத்திருந்தோம். ஆனாலும் ஏரியின் வாசம் காற்றில் வந்தது. பிற்பகலில் அந்தக் காற்று பலத்து, விரிப்பின் கீழ் நுனியைத் தூக்க ஆரம்பித்தது. நான் கதிரையை விட்டு எழுந்து, இரண்டு நுனிகளையும் இரண்டு கைகளில் பிடித்து, கால்களால் விளிம்பை மிதித்துக்கொண்டு நின்றேன். ஒரு சிவலைப் பசு வந்து விரிப்புக்கு மேலால் என்னை உற்றுப் பார்த்தது. மஞ்சள் பூ ஒன்றை நக்கிப் பார்த்தது. ஒரு தள்ளுத் தள்ளினால் நானும் விரிப்பும் ஏரியில் கிடப்போம். அது அதற்குத் தெரியாமல் இருக்கவேண்டும் என்பதே என் ஒரே பிரார்த்தனை.

“அசையாதேங்கோ” என்று வேலிக்கு வெளியே இருந்து மனைவி சொன்னாள். “எங்கடை கலியாண வீட்டிலை நிண்ட மாதிரி நில்லுங்கோ. அண்டைக்கு மூண்டு மணித்தியாலம் கண்ணும் வெட்டேல்லை.”

“பயத்திலை நிண்டனான்.”

“இண்டைக்கு?”

“இண்டைக்கும்.”

பண்ணைக்காரர் வந்து மற்ற நுனியை வாங்கிக்கொண்டார். மாலையில் காற்று விழும்வரை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக அந்த விரிப்பைப் பிடித்துக்கொண்டு, உலர்த்தப் போட்ட துணியை மழைக்கு எடுக்க வந்தவர்கள் போல நின்றோம். அவர் தன் பசுக்களில் ஒவ்வொன்றாகக் காட்டி அதன் தாய் யார், எந்த வறட்சியில் பிறந்தது என்று சொன்னார். நான் கொப்பி கேட்கவில்லை. கைகள் இரண்டும் வேலையாக இருந்தன.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறுமுன் நாகர்கோவில்காரி மேட்டுக்குப் போய்த் தொலைநோக்கியில் நெடுநேரம் பார்த்துவிட்டு வந்தாள். பண்ணைக்காரரிடம் உள்ளதைச் சொன்னாள். எல்லாம் பறக்கின்றன. இரண்டு மட்டும் இன்னும் ஓடுகின்றன. ஆனால் நாள் முடிந்துவிட்டது. உடன்படிக்கைப்படி அவர் வாசலைத் திறக்கலாம், அவள் மறுக்கமாட்டாள். சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தாள். பட்டிக்குள் பசுக்கள் ஏரிப் பக்கம் முகம் வைத்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

“எங்கே அந்த இரண்டும்?” என்று அவர் கேட்டார்.

“திட்டிலேயே.”

அவர் ஏரிக்காணியின் மேற்கு வாசலையும், அதிலிருந்து நேரே திட்டுக்குப் போகும் பழைய மாட்டுத் தடத்தையும் பார்த்தார். பிறகு சாக்குத் துணியை அவிழ்க்கத் தொடங்கினார்.

“அப்படியானால் கிழக்கு வாசல். இரண்டு நாள் சும்மா நின்று வந்தவை, ஒரு மணி நேரம் நடந்தால் நல்லதுதான். அந்தப் பக்கத்துப் புல்லை முடித்துத் திட்டுக்கு வர ஒரு வாரம் ஆகும்.”

நாங்கள் பின்னால் நடந்தோம். மனைவி குளம்படி பதிந்த விரிப்பை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள். கிழக்கு வாசலைத் திறந்ததும் பசுக்கள் ஓடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. புல் வயிற்றைத் தொடும் இடத்தில் நின்றுவிட்டன. தலையைத் தாழ்த்தியதும் முதுகுகள் மட்டும் மிதந்தன. தின்னும் ஓசை காற்றைப் போலக் கேட்டது. பண்ணைக்காரரும் உள்ளே போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் நாகர்கோவில்காரிக்குத் தாள் ஞாபகம் வந்தது. வாசல் திறந்ததற்கு அவர் கையெழுத்து வேண்டும். பேனாவையும் தாளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு புல்லில் கூப்பிட்டபடி ஓடினாள். அவரைப் பிடித்தபோது அவர் புட்டிப்பாலில் வளர்ந்த ஒரு கிழட்டுப் பசுவின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். வைத்து எழுத அங்கே வேறு எதுவும் இல்லை. தாளை அதன் முதுகில் வைத்தார். பெயரில் பாதி எழுதியதும் பசு அடுத்த புல்லுக்கு நடந்தது.

அவள் திரும்பி வந்து தாளை எங்களிடம் நீட்டினாள். நான்கு எழுத்துகளும், அதற்குப் பிறகு தாளின் விளிம்புவரை ஒரு நீண்ட கோடும்.

“இதை ஆபீஸ்ல என்னன்னு சொல்லிக் குடுக்கிறது, ஆன்ட்டி?”

“மாடு வந்திட்டுது எண்டு சொல்லிக் குடு, பிள்ளை” என்றாள் மனைவி.