ஊர்வாரியான பட்டியல்

இரண்டாயிரத்தோராம் ஆண்டு, வவுனியாவில் ஒரு சிறிய நிவாரண அலுவலகத்துக்காக இணையத்தளம் ஒன்றைச் செய்தேன். அதற்கு முன் பத்திரிகையில் செய்தி எழுதிப் பக்கமும் கட்டியவன். போரில் இடம்பெயர்ந்து முகாம்களில் இருப்பவர்களை வெளிநாட்டு உறவினர்கள் கண்டுபிடிக்க வேண்டும். தளத்தின் வேலை அவ்வளவுதான்.

பத்திரிகைக்காரன் செய்வதையே செய்தேன். முகப்பில் தறப்பாள் கொட்டில்களின் பெரிய படம். கீழே முகாம்களின் பெயர்கள். ஒன்றை அழுத்தினால் அங்கிருப்பவர்களின் பட்டியல் வரும். எங்கள் கோப்புகளில் படிவங்கள் முகாம்வாரியாகக் கிடந்தன. அதே ஒழுங்கில் ஏற்றினோம்.

படிவங்களைத் தட்டச்சு செய்த பெண்ணுக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. எங்கள் தொலைபேசி இணைப்பில் அது மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும்.

"அண்ணை, இது வந்து முடியிறதுக்கிடையில நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திடுவன்."

"படம் இல்லாமல் முன்பக்கமோ?"

"இதென்ன ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரே? சனம் படம் பார்க்கவே வருது?"

நான் படத்தை அகற்றவில்லை.

முகாமொன்றில் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த ஓர் அம்மா இருந்தார். கடற்றொழில் செய்த கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் கனடாவில். இடம்பெயர்ந்து திரிந்ததில் மகனின் முகவரி தொலைந்துபோயிற்று. தாய் வவுனியாவுக்கு வந்ததே மகனுக்குத் தெரியாது. அம்மா இருதய வருத்தக்காரர். கிளினிக் நாளில், முகாமைவிட்டு வெளியே வரப் பாஸ் எடுத்து ஆஸ்பத்திரிக்கு வருபவர், திரும்பும் வழியில் எங்கள் அலுவலகத்துக்குள் வருவார்.

"தம்பி, என்ர பேர் அதுக்குள்ள கிடக்கோ?"

"ஓம் அம்மா, கிடக்கு."

"ஒருக்காக் காட்டுங்கோ."

படம் இறங்கி முடியும்வரை செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். முகாமின் பெயரை அழுத்தி, அவருடைய பெயரைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"அவன் இதை எப்பிடி எடுப்பான்?"

"நான் செய்த மாதிரித்தான். முகாமின்ர பேரை அமத்தவேணும்."

"முகாமின்ர பேர் அவனுக்குத் தெரியாதே."

நான் முகாம்களின் பெயர்கள் இருந்த பக்கத்துக்குத் திரும்பினேன்.

"தெரிஞ்சால் கடிதம் போட்டிருப்பான். அவனுக்குத் தெரிஞ்சது எங்கட ஊரும் தேப்பன்ர பேரும்தான்."

தட்டச்சுப் பெண் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

எங்கள் சனம் யாரைக் கண்டாலும் முதலில் எந்த ஊர் என்றுதான் கேட்கும். நானும் அப்படிக் கேட்டே வாழ்ந்தவன். ஆனால் தளத்தை எங்கள் கோப்பு அலுமாரியைப் பார்த்துக் கட்டியிருந்தேன். தேடி வருபவருக்குத் தெரியாத ஒன்றை வாசலிலேயே கேட்டுவைத்திருந்தேன்.

படத்தை அகற்றினோம். பட்டியலை ஊர்வாரியாகவும், ஊருக்குள் தகப்பன் அல்லது கணவரின் பெயர்வாரியாகவும் மாற்றினோம். மூன்று கிழமை பிடித்தது. பின்னர் அதைப் புளொப்பி டிஸ்க்கில் பதிந்து, கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம். அங்கிருந்துதான் தளத்தில் ஏற்ற முடியும்.

அடுத்த கிளினிக் நாளில் அந்த அம்மா வரவில்லை. முகாமில் விசாரித்தேன். நான்கு நாளுக்கு முன் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்றார்கள். அடக்கமும் முடிந்திருந்தது. புதிய பட்டியல் அந்தக் கிழமைதான் தளத்தில் ஏறியது.

பத்து நாளில் மகனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்.

"அம்மாவின்ர பேரைக் கண்டன். முந்தியும் ஒருக்கா இந்தப் பக்கத்தைத் திறந்தனான். படம் வரவே கனநேரம். பிறகு முகாம் பேருகள்தான் கிடந்தது. எதைத் திறக்கிறதெண்டு தெரியேல்லை, வேலைக்கும் நேரமாச்சு, மூடிப்போட்டன். அவா சுகமா இருக்கிறாவோ?"

பத்திரிகையில் எத்தனையோ மரணச் செய்திகளை எழுதியிருக்கிறேன். இந்தப் பதிலின் ஐந்து வரிக்கு ஒரு பகல் போயிற்று. பழைய பக்கத்தை அப்படி அமைத்தது என் பிழை என்பதையும் அதில் எழுதினேன்.

ஒரு கிழமை கழித்துப் பதில் வந்தது. பிழையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"பேரை எடுத்துப்போடாதேங்கோ அண்ணை. வேலையால வந்து ஒருக்காத் திறந்து பார்க்கிறனான்."

இறந்தவர்களின் பெயர்களை உடனே நீக்க வேண்டும் என்பது நானே எழுதிவைத்த விதி. பழைய பெயர்கள் கிடந்தால் தேடுபவர்கள் வீணாக நம்பிவிடுவார்கள். தட்டச்சுப் பெண் அடுத்த திருத்தத்துக்கான தாளைக் கொண்டுவந்தபோது, நீக்க வேண்டியவற்றில் அந்த அம்மாவின் பெயரும் இருந்தது.

"இதை என்ன செய்யிறது அண்ணை?"

அதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கச் சொன்னேன்.