பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டுத் தூங்கிய டிரைவர்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு சித்திரை மாதம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் அப்போது நான் கண்டக்டராக இருந்தேன். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் இதில் நான் செய்தது நல்ல காரியம் இல்லை.

எங்கள் வண்டியின் டிரைவர் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஆறடி உயரம், கழுத்தே தெரியாத உடம்பு, கன்னம் வரை ஏறிய மீசை. டைமிங் தகராறில் வேறு வண்டிக்காரர்கள் பஸ் ஸ்டாண்டில் எகிறிக்கொண்டு வந்தால், இவர் எதுவும் பேச மாட்டார். சீட்டை விட்டு இறங்கி நிற்பார். அவ்வளவுதான், சண்டை முடிந்துவிடும்.

காலை டிரிப்புகள் முடிந்து பன்னிரண்டரைக்கு விழுப்புரத்தில் வண்டியைப் போட்டால், மறுபடி மூன்று நாற்பதுக்குத்தான் எடுக்க வேண்டும். ஓய்வெடுப்பதற்காக பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி ரூமை ஓனர் வாடகைக்குப் பிடித்துக் கொடுத்திருந்தார். அவருடைய மற்ற வண்டிக்காரர்களும் அங்கே வருவார்கள். நாங்கள் போனைப் பார்ப்போம், சீட்டாடுவோம். டிரைவர் அண்ணன் மட்டும் சாப்பிட்டதும் சுவரைப் பார்த்துப் படுத்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொள்வார். இரண்டு மணி நேரம் அசைய மாட்டார்.

ஒருநாள் ரூமில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். டேபிள் ஃபேன் காற்றில் அவர் முகத்துத் துண்டு விலகிவிட்டது. போன் சார்ஜரை எடுக்க எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அவர் வாயில் நிப்பிள் இருந்தது. பால் பாட்டில் நிப்பிள் இல்லை. பின்னால் வளையம் வைத்து, குழந்தைகள் சும்மா சப்புவதற்கென்றே மெடிக்கல் ஷாப்பில் விற்பார்களே, அது. நீல நிறம். மீசைக்குக் கீழே அந்த வளையம் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு ஒரு போட்டோ எடுத்தேன். எங்கள் டிரைவர், கண்டக்டர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. 'நம்ம பாப்பா தூங்குது, யாரும் ஹாரன் அடிக்காதீங்க' என்று எழுதி அதில் போட்டுவிட்டேன். அந்த குரூப்பில் அவரும் இருக்கிறார் என்பது போட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவசரமாக அழித்தேன். அதற்குள் நாலு பேர் வேறு இடங்களுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்குள் நாங்கள் நுழைந்ததுமே யாரோ குழந்தை அழுவதுபோல் சத்தம் கொடுத்தார்கள். வண்டியில் ஏறிப் பார்த்தால், ஸ்டியரிங்கில் ஒரு பால் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அண்ணன் அதை நிதானமாக அவிழ்த்து முன்னால் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். யார் செய்தது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்றைக்கு மத்தியானம் ரூமில் அவர் வழக்கம்போல் படுத்தார். ஆனால் துண்டால் மூடவில்லை, நிப்பிளும் வைக்கவில்லை. மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது நாளும் அப்படித்தான். வீட்டிலும் தூங்கவில்லை போலிருக்கிறது. மூன்றாவது நாள் கண்ணெல்லாம் செக்கச் செவேலென்று இருந்தது. டிரிப்புக்கு டிரிப் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. கேட்டால் மாட்டிக்கொள்வேன் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

நாலாவது நாள், மூன்று நாற்பது டிரிப். கொளுத்துகிற வெயில். வண்டியில் அறுபது பேர் இருப்பார்கள், பாதிப்பேர் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விக்கிரவாண்டி தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். நான் நடுவில் நின்று ஒரு அம்மாவுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். திடீரென்று டயருக்கு அடியில் தடதடவென்று சத்தம். வண்டி ரோட்டின் ஓரக் கோட்டில் ஏறிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடிக்கு நேர் முன்னால் ஒரு ஸ்கூட்டர். புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு குழந்தை.

அடுத்த நொடி வண்டி வெட்டி வலதுபக்கம் திரும்பியது. நான் ஒரு சீட்டின் மேல் போய் விழுந்தேன். பைகளெல்லாம் உருண்டன. பெண்கள் கத்தினார்கள். எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த ஸ்கூட்டர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தங்களுக்குப் பின்னால் ஒரு முழம் இடைவெளியில் என்ன வந்து போனது என்று அவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

அண்ணன் வண்டியை மாட்டுவண்டி வேகத்துக்குக் கொண்டுவந்து, மூடிக்கிடந்த ஒரு ஹோட்டல் வாசலில் திருப்பி, வேப்பமர நிழலில் நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். பிறகு எழுந்து எங்களைப் பார்த்து நின்றார்.

"எல்லாரும் மன்னிச்சிக்கங்க. மூணு நாளா எனக்குத் தூக்கம் இல்ல. இப்ப ஒரு செகண்டு கண்ணு மூடிக்கிச்சி. இதுக்கு மேல நான் ஓட்டினா தப்பு. இருவது நிமிசம் தூங்கிட்டு எடுக்கறேன். அவசரமா போறவங்க கண்டக்டர்கிட்ட காச வாங்கிக்கினு பின்னாடி வர்ற வண்டில ஏறிக்கங்க."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னாய்யா வெளையாடறியா? மண்டில மல்லாட்டை மூட்டையப் போட்டுட்டு ஆளு எனக்காக நின்னுக்கினு கீறான்!" என்றார் முன் சீட்டில் இருந்த வேர்க்கடலைக்காரர்.

"அஞ்சு மணி ஊரு பஸ்ஸ வுட்டா நான் எட்டு மணிக்குதான் ஊடு போய்ச் சேருவேன்" என்றார் நான் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்த அம்மா.

இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒருவர் எழுந்து, "குடிச்சிருக்கியா நீ?" என்று கேட்டார். அண்ணன் அவர் பக்கத்தில் போய் வாயைத் திறந்து ஊதினார். "பாத்துக்கங்க சார்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். அண்ணன் பின்பக்கம் வந்து, நீள சீட்டில் இருந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு எழுப்பிவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். அதைத் திறந்து, உள்ளே இருந்த நிப்பிளை ஜன்னலுக்கு வெளியே பிடித்து, பாட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் மறைக்கவே இல்லை.

"இது இல்லாம எனக்குத் தூக்கம் வராதுங்க. சிரிக்கறவங்க சிரிச்சிக்கங்க. சத்தம் மட்டும் போடாதீங்க."

யாரோ இரண்டு பேர் சிரிக்கத்தான் செய்தார்கள். அவர் படுத்துக் காலை மடக்கி, நிப்பிளை வாயில் வைத்துக் கண்ணை மூடினார்.

ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அவர் முகம் மாறத் தொடங்கியது. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விட்டுப்போனது. இறுகிப்போயிருந்த தாடை தளர்ந்தது. அந்த வளையம் நாலைந்து தடவை ஏறி இறங்கி, பிறகு எப்போதாவது ஒருமுறை லேசாக அசைந்தது. அவ்வளவு பெரிய மனிதர், அவ்வளவு பெரிய மீசை, ஆனால் முகத்தில் அப்போது இருந்த அமைதியை நான் பிறந்த குழந்தையிடம்தான் பார்த்திருக்கிறேன். சிரித்தவர்களும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஒரு ஆள் தூங்கிப்போவதை அத்தனை பக்கத்தில் இருந்து நாங்கள் யாரும் அதற்கு முன் கவனித்துப் பார்த்ததில்லை. ஏதோ பார்க்கக் கூடாததைப் பார்க்கிற மாதிரியும் இருந்தது. பார்க்கக் கொடுத்து வைத்த மாதிரியும் இருந்தது.

இஸ்திரி சட்டைக்காரர் போனைத் தூக்கி வீடியோ எடுக்கப் போனார். என்னையும் அறியாமல் அதன் குறுக்கே கையை நீட்டிவிட்டேன்.

"வேணாம் சார். இவரு தூங்கும்போது நான் ஒரு போட்டோ எடுத்து குரூப்புல போட்டுட்டேன். ஊரே சிரிச்சிது. அதனாலதான் மூணு நாளா இவரு தூங்கல."

நான்கு நாளாக மறைத்து வைத்திருந்தது, அறுபது பேருக்கு நடுவில் வெளியே வந்துவிட்டது. அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். எட்டு மணிக்குத்தான் வீடு போவேன் என்ற அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ செஞ்ச வேலையா இது? அந்த ஸ்கூட்டருகாரன் பொண்டாட்டி புள்ளையோட செத்துப் போயிருந்தா, அதையும் போட்டோ புடிச்சி குரூப்புல போட்டிருப்பியா?" சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, அண்ணனை எழுப்பிவிடக் கூடாதென்று குசுகுசுவென்றுதான் சொன்னார். அது இன்னும் சுட்டது.

பின்னால் வந்த வண்டியில் ஏழு பேர்தான் ஏறிப் போனார்கள். மல்லாட்டைக்காரர் கீழே இறங்கி மர நிழலில் நின்று, போனில் யாரிடமோ வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினார். ஒருவர் தன் துண்டை எடுத்து, அண்ணன் முகத்தில் வெயில் படாமல் ஜன்னல் கம்பியில் கட்டினார். குழந்தை வைத்திருந்த ஒரு பெண் அது சிணுங்கியதும் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டாள். யாரும் யாரையும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அப்போது ஓனர் போன் செய்தார். வண்டி எங்கே நிற்கிறது என்பது அவர் போனிலேயே தெரிந்துவிடும். "ஏன்யா வண்டி நிக்குது?" பஞ்சர் என்று சொல்லியிருக்கலாம். "டிரைவர் தூங்கறாருங்க" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. "எழுப்புய்யா ஜல்தி!" என்றார். "எழுப்ப மாட்டேங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

இருபது நிமிடம் ஆவதற்குள் அவரே கண்ணைத் திறந்தார். நிப்பிளைக் கழுவி டப்பாவில் போட்டார், முகம் கழுவினார், எல்லோரையும் ஒருமுறை கும்பிட்டார். வண்டி கிளம்பியது.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் டிக்கெட் போட ஆள் இல்லாமல் முன்படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். வண்டியில் முக்கால்வாசிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மல்லாட்டைக்காரர் வாயைத் திறந்துகொண்டு, அந்த அம்மா ஜன்னலில் சாய்ந்துகொண்டு, என்னைத் திட்டிய களைப்போ என்னவோ. அரைமணி முன்னால் சாவைப் பக்கத்தில் பார்த்தவர்கள், அதே டிரைவரை நம்பி, அதே வண்டியில்.

திண்டிவனத்தில் டீக்கடையில் வைத்து, "போட்டோ எடுத்தது நான்தாண்ணா" என்றேன்.

"தெரியும்பா. அந்த ரூம்ல நீயும் நானும்தான இருந்தோம்?"

"பின்ன ஏண்ணா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ பொய் சொல்லுவ. அப்பறம் ரெண்டு பேரும் ஒரே வண்டில எப்பிடி ஓட்றது?"

அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டேன். ஏதோ பெரிய சோகம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லையாம். லாரி ஓட்டிய காலத்தில் ராத்திரி பகல் பார்க்காமல் ஓட்டித் தூக்கமே கெட்டுப்போயிருந்திருக்கிறது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது விளையாட்டாக அதன் நிப்பிளை வாயில் வைத்துப் பார்த்திருக்கிறார், எழுந்தபோது விடிந்திருந்ததாம். "வூட்ல எம்பொண்டாட்டி இன்னும் சிரிப்பா. ரெண்டு மாசத்துக்கு ஒன்னு அவதான் கடைல போய் வாங்கிக்கினு வருவா. கடைக்காரன் இன்னும் எங்க வூட்ல கைக்கொழந்த கீதுன்னு நெனச்சிக்கினு கீறான்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"எம்பின்னாடி ஒக்காந்துக்கினு அத்தினி பேரு தூங்கறாங்க. அதுக்கு நான் தூங்கிட்டு வந்திருக்கணும் இல்ல? மூணு நாளு வெக்கப்பட்டுக்கினு வண்டி எடுத்தேன் பாரு, அதுதான்பா நான் பண்ண தப்பு."

ஓனர் அவரை மூன்று நாள் வண்டியில் ஏற்றவில்லை. எனக்கும் நல்ல அர்ச்சனை கிடைத்தது. தினமும் வருகிற பயணிகள், "அந்த டிரைவரு எங்க?" என்று கேட்க ஆரம்பித்த பிறகு அவரே போன் செய்து வரச் சொன்னார். அதற்குப் பிறகு ரூமில் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கவில்லை, துண்டும் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு நாள் எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். மூன்றாவது நாள் யாருக்கும் அது ஒரு விஷயமாகவே இல்லை.

நான் இப்போது அந்த வேலையில் இல்லை. திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆனால் எங்கேயாவது போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் கண் சொக்கும்போதெல்லாம், நான் இப்படி நிம்மதியாகத் தூங்குவதற்காக முன்னால் இருப்பவர் எந்த வெட்கத்தையெல்லாம் விட்டுவிட்டுத் தூங்கி எழுந்து வந்திருக்கிறாரோ என்று ஒரு கணம் நினைக்காமல் என்னால் கண்ணை மூட முடிவதில்லை.