மலை தெரியும் வீடு

பைபாஸ் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பெரியப்பாவுக்கு ஒரே பேச்சு: திருத்தணிக்குப் போக வேண்டும். பிழைத்தால் மலைக்கு வருவதாக வேண்டிக்கொண்டாராம். எங்களுக்கோ கூட்டிப் போக வழியில்லை. அவர் ஐ.சி.யூ.வில் கிடந்த வாரம்தான் அம்மையார்குப்பத்தில் அவருடைய தம்பி, என் சித்தப்பா, இறந்துபோனார். தாங்க மாட்டார் என்று மறைத்துவிட்டோம். சித்தப்பா பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார், போன் ரிப்பேர் என்று கதை கட்டியிருந்தோம்.

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருடம் மலைக்கோயில் ஏறக்கூடாது என்பது எங்கள் வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, பெரியப்பாவுக்கு உண்டு. தீட்டோடு ஏறிவிட்டோம் என்று பிறகு தெரிந்தால் அந்த நினைப்பே அவரைக் கொன்றுவிடும்.

அதனால் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். கே.ஜி.கண்டிகையைத் தாண்டி, ஒரு குன்றின்மேல் மரவீடு வாடகைக்குக் கிடைக்கிறது. நாளுக்கு 2,500 ரூபாய். வராந்தாவிலிருந்தே கோயில் மலை தெரியும். அங்கேயே கும்பிட வைத்து, படி ஏற முடியாது என்று சொல்லித் திரும்பக் கூட்டி வந்துவிடலாம். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

சென்னையிலிருந்து மின்சார ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். திருத்தணி ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ 300 ரூபாய். காரியத்தைக் கெடுத்ததே அந்த ஆட்டோக்காரர்தான். படி ஏற முடியாது என்று பெரியப்பாவிடம் நான் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது.

"படி இன்னாத்துக்குங்க? மேல வரிக்கும் ரோடு கீது. கோயிலாண்டயே வுட்டுர்றேன்."

பெரியப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப சாயங்காலம் வந்துருப்பா."

வெயில், கூட்டம், மாத்திரை என்று மதியம் முழுக்கச் சாக்குச் சொன்னேன். நாலு மணிக்கு வேட்டி மாற்றி, திருநீறு பூசி, செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார்.

"இந்த வருசம் வேணாம் பெரியப்பா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எங்கள் வீடுகளில் 'இந்த வருசம் மலை வேணாம்' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அவர் செருப்பைக் கழற்றினார்.

"யாருடா?"

அவர் கழற்றிய செருப்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"தம்பியா?"

தலையாட்டினேன்.

"எத்தினி நாளாச்சி?"

"நாலு மாசம்."

"நாலு மாசமா நான் சிரிச்சிகினு, சோறு துன்னுகினு இருந்துகிறேன்."

நான் பயந்தபடி அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. நாற்காலியைத் திருப்பி, மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது.

போக நினைப்பவர்களுக்கு: வீடு சுத்தம், தண்ணீர் நிற்காமல் வருகிறது. குரங்குத் தொல்லை உண்டு. சாப்பாட்டைக் கண்டிகையிலேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, வயதானவர்களைத் தனியே விடாதீர்கள். அவர்களிடம் எதையாவது மறைத்து வைத்திருந்தால், கூட்டிப் போகும் முன் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆட்டோ சொன்னபடி ஐந்து மணிக்கு வந்தது.

"கோயிலுக்குத்தானேங்க?"

பெரியப்பா நெற்றியில் இருந்த திருநீற்றைத் துடைத்துவிட்டு ஏறினார்.

"இல்லப்பா, அம்மையார்குப்பம். எழவு வூட்டுக்கு."