பன்னிரண்டு துண்டு இரும்பும் ஒரு வாயிற் சீட்டும்

"களஞ்சியப் பொருள் எதுவும், கழிவென ஒதுக்கப்பட்டதாயினும், வாயிற் சீட்டின்றி வெளியேறலாகாது, ஒப்பமிடும் அலுவலர் சீட்டை முழுதும் வாசித்த பின்னரே ஒப்பமிடல் வேண்டும்." துருவும் ஈர உப்பும் மணக்கும் களஞ்சியத்தில், வாப்பாவின் தலைக்கு மேல் தொங்கிய பலகையில் இருந்த விதி இது. புத்தளம் கரையோர உப்பளம் ஒன்றில் அவர் களஞ்சியப் பொறுப்பாளர். பதினொரு வயதில் விதியின் முற்பாதியை நான் எழுத்துக்கு எழுத்து மதித்தேன். பிற்பாதியை அவர் மறந்தார்.

உப்பளத்தில் இரண்டடி அகலத் தண்டவாளத்தில் உப்பு "டிரொலி"கள் ஓடின. அப்படியொன்று எங்கள் "குவாட்டர்ஸ்" வளவில், முருங்கையிலிருந்து கிணறுவரை ஓட வேண்டும் என்று தீர்மானித்தேன். கொழும்புக் கடைகளின் விளையாட்டு ரயில் எங்களுக்கு எட்டாது. எட்டினாலும் எங்கள் மணலில் இரண்டு நாள் தாங்காது. அசல் பாதை ஒடுக்கம், வண்டி அகலம் என்பதால் எவ்வளவு சிறிதாக்கினாலும் பாதையைவிட வண்டி பெரிதாகவே இருக்கும். ஒரு "டின் மீன்" தகரம் அளவாகப் பொருந்தியது. மர நூல்கட்டையை நடுவால் அறுத்தால் விளிம்பு வைத்த இரண்டு சில்லுகள், அச்சுக்குக் குடைக்கம்பி, தென்னை மட்டைத் துண்டுகளில் மரம் அறுக்கும் வாளால் கீறி, சரக்குப் பெட்டிகளைக் கட்டி வரும் இரும்புப் பட்டியை விளிம்பில் நிறுத்திச் செருகினால் தண்டவாளம். வளைக்கக் கையே போதும். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

பாதி வழியில் பட்டி முடிந்தது. களஞ்சியத்தின் பின்னால் கழிவுக் குவியலில் வேண்டிய மட்டும் கிடந்தது. களவெடுக்க மனம் வரவில்லை; ஆகவே முறைப்படி சீட்டு எழுதினேன். "இரும்பு, 12 துண்டு. நோக்கம்: ரயில் பாதை." கார்பன் தாள் வைத்து மூன்று பிரதிகள். அசர் தொழுகைக்குப் பின் வாப்பா ஒப்பமிடும் கட்டின் நடுவில் அதைச் செருகினேன். அவர் எல்லாவற்றிலும் ஒப்பமிட்டார்.

வாயிற்காவலர் சீட்டைப் பார்த்தார். "புள்ள, ரயில் எப்ப வரும்?"

"வெள்ளிக்கிழம."

"எனக்கு டிக்கெட் ஓசிதானே?" என்று சிரித்து வழிவிட்டார்.

நோன்புக்கு முந்திய வாரம் வந்த கணக்காய்வாளர் சிரிக்கவில்லை. பன்னிரண்டு துண்டுத் தண்டவாளம் வெளியே போய்விட்டது என்று பிரதியை மட்டும் பார்த்துத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். வாப்பா அன்றே இடைநிறுத்தப்பட்டார். வேலை போனால் வீடும் போகும். மறுநாள்தான் கணக்காய்வாளர் அளவு நாடாவோடு எங்கள் வளவுக்கு வந்தார்.

"இதுதானா தண்டவாளம்?"

"ஓம் சேர்."

"சீட்ட ஆர் எழுதின?"

நான் முன்னே நகர, வாப்பாவின் கை மறித்தது. "எழுத்து மகள்ட. கையெழுத்து என்ட."

"வாசிச்சிட்டா போட்டீங்க?"

"இல்ல சேர்."

குசினிக்குள்ளிருந்து உம்மாவின் குரல் வந்தது. "வாசிச்சன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னா இந்த மனிசன்ட நாக்கு தேஞ்சிருமா?"

கணக்காய்வாளர் குந்தியிருந்து, தகர வண்டியை ஒரு விரலால் தள்ளினார். அது வளைவில் தடம் புரளாமல் திரும்பிக் கிணற்றடியில் நின்றது. "நல்லா ஓடுதே" என்றார்.

"அப்ப அந்த ரிப்போட்டக் கிழிச்சிருங்கோ" என்றார் உம்மா.

"போன கடிதத்த நான் கிழிக்க ஏலாது தாயே. இதையும் எழுதுறன். பதில் வரட்டும். அதுவரைக்கும் இதுல ஒரு துண்டையும் அசைக்க வேணாம். இது சாட்சி."

நோன்பு முழுவதும் வாப்பா வாசலில் தபால்காரருக்காக நின்றார். முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போது பாதையை மிதிக்காமல் கடந்தார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. நோன்புப் பெருநாள் வந்து போனது. வீட்டை ஒப்படைக்கச் சொல்லும் கடிதம் மட்டும் தாமதமின்றி வந்தது; ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் கடைசி நாள் என்று அதில் இருந்தது. நான் தலைமை அலுவலகத்துக்கு மூன்று நினைவூட்டல் எழுதினேன், பிரதிகளோடு. உம்மா சட்டி பானைகளைச் சாக்கில் கட்டத் தொடங்கினார்.

பிற்காலத்தில் நானும் மற்றவர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதியே ஓய்வுபெற்றேன். இப்போது என் வளவில் மறுபடி ஒரு பாதை போடுகிறேன். சரக்குப் பெட்டிகளுக்கு இன்று பிளாஸ்டிக் பட்டி, நூல்கட்டையும் பிளாஸ்டிக். உப்பளத்தில் டிரக்டர் ஓடுகிறது. டிரொலிப் பாதை இருந்த இடத்தில் சவுக்கு நிற்கிறது. வாப்பாவும் இல்லை. அவருக்கு வந்த பதிலை வைத்திருக்கிறேன்: "குறித்த பொருள் பெறுமதியற்றது. அலுவலரை எச்சரித்து மீளச் சேவையில் அமர்த்துக." ஒப்பத்தின் கீழுள்ள திகதி நோன்பின் முதல் வாரத்தினது. பதில் அப்போதே தயார். தபால் பையில் போட ஒரு கைதான் இருக்கவில்லை. அது எங்கள் வாசலுக்கு வந்தது, உம்மா கடைசிப் பாயையும் சுருட்டிக் கட்டிய பிறகு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய புதன்கிழமை.