வலி விட்டிருந்த நாட்கள்

ஸ்ரீரங்கத்திலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில், முன்சீட்டுக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அக்கா வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவள் அப்போது பள்ளிக்கூட டீச்சர். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மாதவிலக்கு வந்தால் மூன்று நாள் அவளால் நிமிர முடியாது. எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே என்று அம்மாவே சலித்துக்கொள்வாள். அன்று நான்தான் அக்காவைப் பிடிவாதமாக ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். சில நாள் கழித்து அவர் ஆபரேஷன் செய்து பார்த்தார். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சதை வெளியேயும் வளர்ந்து, மாதந்தோறும் அங்கேயும் கசிகிறது என்றார். "இது பாசாங்கு இல்லம்மா. மாசாமாசம் தீட்டு வர்ற குரங்குகளுக்குக்கூட இந்த நோய் உண்டு. ஒரு குழந்தை பிறந்தா அடங்கிடும்." குரங்கு வந்து சாட்சி சொன்னால்தான் நம்மை நம்புவார்கள் போலிருக்கிறது என்று அக்கா சிரித்தாள்.

பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அத்தானுக்கு அவளைக் கொடுத்தோம். மறு வருஷமே உண்டானாள். வலி சொல்லிவைத்தாற்போல் நின்றது. முக்கொம்பு அணையில் ஏழு மாத வயிற்றோடு மதகுப் பாலத்தை நடந்தே கடந்துவிட்டு, "எல்லாரும் எப்பவும் இப்படித்தான் இருக்காங்களாடி?" என்று என்னைக் கேட்டாள்.

மகள் பால்குடி மறந்த சில மாதங்களில் வலி திரும்பியது, முன்னைவிட மூர்க்கமாக. "இன்னொண்ணு பெத்துக்க, விட்டுடும்" என்று மாமியார் மாதம் தவறாமல் சொன்னார். தன் உடம்பில்தான் ஏதோ குற்றம் என்று அக்கா குமைந்தாள். கடைசியில் அத்தான் அக்காவையும் தன் அம்மாவையும் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டரம்மா அக்காவிடம் சொன்னார்: "நான் சொன்னது தப்பும்மா. வயித்துல பிள்ளை இருக்கும்போது அடங்குது. சிலருக்கு அப்புறம் திரும்ப வந்துடுது. ஆசைப்பட்டா பெத்துக்கங்க. வலிக்கு மருந்துன்னு பெத்துக்காதீங்க."

மாமியார் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கும் இப்படித்தாங்க இருந்துச்சு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வருஷம் விடும். ஆறு பெத்தேன். அதனாலதான் இவளையும் பெத்துக்கச் சொன்னேன்." அத்தான் தன் அம்மாவைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அந்த வருஷமே அக்காவுக்கு இன்னொரு ஆபரேஷன் நடந்தது. இம்முறை கருப்பையையே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளும் மாமியார் கட்டிலருகில் பாய் விரித்துப் படுத்தார். வலிக்குதா என்று அவர் கேட்டபோதெல்லாம், அக்கா மறைக்காமல் பதில் சொன்னாள்.