உதறல் எடுத்த செடிவண்டி

சித்தி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். அதுவரை சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் பொத்தான் துளை போடும் காஜா மெஷினில் உட்கார்ந்திருந்தவள். கம்பெனியை மூடிய பிறகு, சித்தப்பா ஆசைக்கு மாடியில் வளர்த்த செடிகளே பிழைப்பாகிவிட்டன. அலுவலகங்களில் தொட்டிச்செடிகளை வாடகைக்கு வைப்பார்கள். வாரம் ஒருமுறை போய், வாடியதை எடுத்துவிட்டுத் தளதளவென்று இருப்பதை வைத்துவிட்டு வருவார்கள். அதற்காக ஒரு பழைய பிக்கப் வாங்கினார்கள். சித்தப்பாவுக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கல், லைசென்ஸ் கிடைக்கவில்லை.

“அப்ப நான் ஓட்டறேன்” என்றாள் சித்தி. அத்தோடு பேச்சு முடிந்தது.

எனக்கு முதல் வேலை கிடைத்து அவர்கள் வீட்டில் தங்கியிருந்த காலம் அது. காலையில் என்னையும் ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவார்கள். இருவருக்கும் நடுவில் நான். சித்தி கியர் மாற்றும்போதெல்லாம் என் முழங்கால் ஒதுங்கி வழிவிட வேண்டும். வண்டிக்குள் எப்போதும் ஈர மண் வாசனை. அலுவலக வாசலில் இறங்கும்போது தலைமுடியில் ஏதாவது ஓர் இலை ஒட்டியிருக்கும். வரவேற்பு மேஜையில் உட்காரவேண்டியவள் புதருக்குள்ளிருந்து எழுந்து வந்தவள் போல நிற்பேன். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது எந்தக் காரில் ஏறினாலும் மூக்கு அந்த வாசனையைத்தான் தேடுகிறது.

ஒரு மழைக்காலத்தில் வண்டிக்கு உதறல் வந்தது. நின்ற இடத்தில் எஞ்சின் ஒழுங்காக ஓடும். இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் போதும், கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்துவிடும். காலை எடுத்தால் அடங்கிவிடும். வண்டிக்குக் குளிர்ஜுரம் என்று சித்தப்பா கேலி செய்தார். பின்னால் தொட்டிகள் ஒன்றோடொன்று இடித்து இலைகள் கிழிய ஆரம்பித்ததும் கேலியும் நின்றது.

முதலில் டயர் கடையில் வீல் பேலன்சிங் செய்தார்கள். மாற்றமில்லை. பிறகு மெக்கானிக்கிடம் போனார்கள். அவரை எல்லோரும் நட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். மூளை சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்றுமில்லை, சட்டைப்பையில் எந்நேரமும் நாலைந்து நட்டுகள் கிடக்கும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் நைந்திருப்பதாகச் சொல்லி அதை மாற்றினார். மறுநாளே உதறல் திரும்பியது. மறுபடி போனபோது வண்டியைத் தானே எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்து, வெண்ணெய் மாதிரி போகிறதே அக்கா என்றார்.

சித்தி சாவியை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள். வீட்டுக்கு வரும் வழியில் சித்தப்பாதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

“ஒருவேளை உன் கால்தான் நடுங்குதோ என்னவோ.”

அன்று முழுக்கச் சித்தி அவருக்கு முகம் கொடுக்கவில்லை. தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றியபடி என்னிடம் மட்டும் சொன்னாள். “இத்தனை வருஷம் மெஷின் முன்னாடி உக்காந்தவ நான். மெஷின் சும்மா நடுங்காது. எங்கயோ ஏதோ தேஞ்சிருக்கு.”

அடுத்த விடுமுறை நாளில் வண்டி நிறையத் தொட்டிகளை ஏற்றச் சொன்னாள். எங்கே கொண்டுபோகிறோம் என்று கேட்டுக்கொண்டே சித்தப்பா ஏற்றினார். நேராக நட்டுவின் ஷெட் வாசலில் போய் நிறுத்தினாள்.

“ஸ்டியரிங் ஆடல தம்பி, சீட்டுதான் ஆடுது. அதுவும் லோடு இருந்தாத்தான். அன்னைக்கு நீங்க ஓட்டினப்ப வண்டி காலி.”

நட்டு கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். முன்சக்கரத்தில் கோளாறு என்றால் ஸ்டியரிங்கில் தெரியும், சீட்டில் தெரிந்தால் பின்பக்கம்தான் பார்க்க வேண்டும் என்றார். சித்தப்பா யாரும் சொல்லாமலே பின்னால் ஏறித் தொட்டிகளுக்கு நடுவே குந்திக்கொண்டார். நாங்கள் மூவரும் முன்னால். ஷெட்டுக்குப் பின்னாலிருந்த ஆளில்லாத சாலையில் சித்தி மெதுவாக வேகத்தைக் கூட்டினாள். உதறல் வந்ததும் சித்தப்பா கண்ணாடியைத் தட்டினார். வண்டியை நிறுத்தியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை செடியைப் பற்றியதும் இல்லை, வண்டியைப் பற்றியதும் இல்லை.

“உன் கால் இல்லம்மா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

அதற்குப் பிறகுதான், வண்டித் தரையில் எந்த இடத்தில் கையை வைத்தபோது கீழே தட்டுவது போலிருந்தது என்று காட்டினார். எஞ்சினின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளமான ஷாஃப்ட் அந்த இடத்துக்குக் கீழேதான் ஓடுகிறது.

ஷெட்டுக்குத் திரும்பியதும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு நட்டு அடியில் நுழைந்தார். ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து முறுக்கினார். பின்பக்க இணைப்பு லொடலொடவென்று ஆடியது, சுற்றிலும் சிவப்பாகத் துருப்பொடி. சுமை ஏறினால் வண்டி தாழும், ஷாஃப்ட்டின் சாய்வு மாறும், தேய்ந்த இணைப்பு அப்போதுதான் முரண்டு பிடிக்கும் என்று அடியில் படுத்தபடியே விளக்கினார். கழற்றுமுன் இரண்டு பக்கமும் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொண்டார், திரும்ப அதே வாக்கில் மாட்டுவதற்கு. இணைப்புக்குள் தேய்ந்துபோயிருந்த கிராஸை, சிலுவை வடிவ இரும்புத் துண்டை, சித்தியின் கையில் வைத்தார்.

“கையால ஆட்டிப் பாத்திருந்தா அன்னைக்கே சிக்கியிருக்கும்க்கா. ஓட்டிப் பாத்ததோட விட்டுட்டேன்.”

சித்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு சின்னதா என்று மட்டும் கேட்டாள்.

புதிய கிராஸ் மாட்டியதும் அதே சாலையில் அதே சுமையோடு போனோம். இரண்டாவது கியர், மூன்றாவது கியர், ஒரு சின்ன அதிர்வுகூட இல்லை. நட்டுவை ஷெட்டில் இறக்கிவிட்டோம். சித்தப்பா முன்னால் வர மறுத்துவிட்டார், காற்று நன்றாக வருகிறதாம். வீட்டுக்குத் திரும்பும் முனை வந்தது. சித்தி திருப்பவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் பார்த்துவிடலாம் என்று நகரத்தின் எல்லைவரை ஓட்டினாள். கண்ணாடியில் பார்த்தால், செடிகளுக்கு நடுவே சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த வண்டி பிறகும் பல வருஷம் உழைத்தது. நான் கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்துவிட்டேன். சித்தப்பா போன பிறகு சித்தி வண்டியை விற்றுவிட்டாள். போனமுறை போயிருந்தபோது, வண்டி ஓட்ட முடியவில்லையே என்று இருக்கிறதா என்று கேட்டேன்.

“ஓட்டறதுக்கு என்ன, ஓட்டலாம். பக்கத்துல உக்காந்து தப்புத் தப்பா வழி சொல்ல ஆள் வேணாமா?” என்றாள். கொஞ்சம் சிரித்தாள். பிறகு, ஊருக்குக் கொண்டுபோக எந்தச் செடி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே எழுந்து மாடிக்கு நடந்தாள்.