தொலைபேசியில் சொன்ன எழுத்துகள்

போன கிழமை நிலாவெளி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பிள்ளை ஒருத்தி போனில் விளையாடிக்கொண்டு வந்தாள். வட்டமாக ஐந்தாறு ஆங்கில எழுத்துகள். விரலால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழுத்தால் ஒரு சொல். சரியென்றால் மணி அடிக்கிறது. அவள் தவறவிட்ட ஒரு சொல் என் கண்ணில் பட்டது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

சண்டைக் காலத்தில் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் எனக்குத் தட்டெழுத்து வேலை. என் ஆங்கிலம் எழுத்துக்கூட்டுகிற ஆங்கிலம். பிழையில்லாமல் அடிப்பேன், அர்த்தம் கேட்டால் கூரையைப் பார்ப்பேன். மேசையில் ஒரு கறுப்புத் தொலைபேசி இருந்தது. எனக்கு முன் அங்கே இருந்தவர் மென்ற வெற்றிலையின் மணம் அதன் வாய்ப்பக்கத்தில் ஊறிப்போயிருந்தது. எத்தனை தரம் துடைத்தும் போகவில்லை. இன்றைக்கும் கலியாண வீட்டில் வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினால் எனக்கு யோகண்ணையின் குரல்தான் கேட்கும்.

யோகண்ணை எங்கள் கந்தோர் ஆள். இறங்குதுறையில் நின்று, கப்பலில் வந்த சாமான்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. கப்பல் துறையில் வந்து கட்டியதும் எனக்கு அழைப்பு எடுப்பார்; அதன் முகப்பில் எழுதியிருக்கும் பெயரிலிருந்து சில எழுத்துகளைப் பொறுக்கித் தருவார். அவற்றுக்குள் இருக்கும் ஆங்கிலச் சொற்களை நான் கண்டுபிடிக்க வேண்டும்.

"தங்கச்சி, எழுதுங்கோ. எஸ், ரி, ஏ, ஆர், ஈ."

"ஈஸ்ட், ஸீட், ரெஸ்ட்."

"அது சின்னப் பிள்ளையளுக்கு. அஞ்செழுத்தும் வரவேணும்."

"டியர்ஸ். கண்ணீர்."

"ஏன் அழுறியள்? ஸ்டெயர் எண்டு சொல்லியிருக்கலாமே. முறைச்சுப் பாக்கிறது."

ஊரடங்கும் சோதனைச்சாவடியுமாக இருந்த அந்த நாட்களில் நான் வாய்விட்டுச் சிரித்தது இதற்குத்தான்.

யாரோ ஒட்டுக்கேட்டிருக்கிறார்கள். துறைமுகத்திலிருந்து ஒரு தமிழன் ஒரு பெண்ணுக்கு ஆங்கில எழுத்துகளைச் சொல்கிறான், அவள் பதிலுக்குச் சொற்களைச் சொல்கிறாள் என்றால் அவர்களுக்கு அது இரகசியச் சேதி அல்லாமல் வேறென்ன? ஒரு நாள் மத்தியானம் யோகண்ணையை ஆமி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மனேஜர் வந்து என் மேசைத் தொலைபேசியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

யோகண்ணையின் மனைவி புவனாக்கா, கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "நீங்கள் வந்து சொன்னால் நம்புவினம், தங்கச்சி. எனக்கெண்டால் இது என்ன விளையாட்டெண்டே விளங்கேல்லை." அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றார். ஆனாலும் போனேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள்; புவனாக்கா என் கையைப் பிடித்த பிடியை விடவில்லை.

முகாமில் ஓர் அதிகாரி இருந்தார். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவர். நான் விளையாட்டை விளக்கினேன். அதிகாரி கேட்டு முடித்துவிட்டு, சுவர்க் கலண்டரில் இருந்த கடல் படத்தைப் பார்த்தபடி எழுத்துகளைச் சொன்னார்: ஓ, சி, ஈ, ஏ, என்.

"இதுக்குள்ள இருக்கிற சொல்லுகளைச் சொல்லட்டாம்," என்றார் மொழிபெயர்த்தவர்.

ஓஷன் என்ற சொல் குழந்தைக்கும் தெரியும். எனக்கு வரவில்லை. முதலில் வந்தது கேன். பிரம்பு. அதிகாரி அசையவில்லை. பிறகு கோன். வன்ஸ், ஒருமுறை. புவனாக்காவின் பிள்ளை அழத் தொடங்கியது. அவர் அதன் முகத்தைத் தன் தோளோடு அழுத்தினார். எங்கிருந்தோ கனூ வந்தது. தோணி. ஐந்தெழுத்தும்.

அதிகாரி கடதாசியில் எழுதிப் பார்த்தார். சிரிக்கவும் செய்தார். அவர் கடலைத்தான் நினைத்திருக்க வேண்டும்.

"நம்புறாராம். நீங்கள் போகலாம்."

"அவர்?" என்றார் புவனாக்கா.

"அவரை நேற்றே தெற்குப் பக்கம் அனுப்பியாச்சு. அங்கதான் கேக்கவேணும்."

பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் யோகண்ணையை விட்டார்கள். குற்றம் ஒன்றும் சாட்டவில்லை. வலது காது கேட்காமல் போயிருந்தது. நான் பார்க்கப் போனபோது கதிரையில் இருக்கச் சொல்லி, மழையைப் பற்றியும் வெருகல் திருவிழாவைப் பற்றியும் கதைத்தார். வெளிக்கிடும்போது என் அசட்டு வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணை, துறைமுகத்தில ஒரு பெரிய கப்பல் வந்து நிக்குது," என்றேன். அவர் எழும்பிக் குசினிக்குள் போனார். திரும்பி வரவில்லை.

வாசல் படலையடியில் வைத்துப் புவனாக்கா சொன்னார்: "ஒவ்வொரு எழுத்தாச் சொல்லிச் சொல்லி அடிச்சவங்களாம், ஆருக்கு என்ன சேதியெண்டு கேட்டு. வீட்டில பிள்ளை ஏ, பி, சி சத்தமாப் படிக்கேலாது, தங்கச்சி. இவர் நடுங்கத் தொடங்கியிடுவார்."

அந்தக் கந்தோர்க் கட்டடம் இப்போது இல்லை. தொலைபேசிக் கம்பிகளும் இல்லை. மனேஜர் எந்த நாட்டில் என்று தெரியாது. யோகண்ணை போன மாரியில் காலமானார். செத்தவீட்டில், கனடாவிலிருந்து வந்த அனுதாபச் செய்தி ஒன்றை யாரோ போனில் காட்டினார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. "பிள்ளை, சத்தமா வாசியுங்கோ, எல்லாரும் கேக்கட்டும்," என்றார் ஒரு பெரியவர்.

அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த மகள் போனை வாங்கினாள். பெட்டிக்குள் கிடந்த தகப்பனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு முற்றத்தைத் தாண்டி, படலைக்கு வெளியே போய் நின்று வாசித்தாள்.